பாஸ்க் மொழிக்கு உறவில்லை என்பதன் பொருள்

இணையத்தில் "ஐரோப்பாவின் மர்ம இனம்" என்று தேடினால் பாஸ்க் மக்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். கற்கால மனிதனின் நேரடி வாரிசுகள், கடலில் மூழ்கிய அட்லாண்டிஸிலிருந்து தப்பியவர்கள், நோவாவின் பேரன் தூபாலின் சந்ததி, வேற்றுக்கிரக இரத்தம் கலந்தவர்கள் என்று எத்தனையோ கதைகள். நம் பங்குக்கு நாமும் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம்: அவர்கள் பேசுவது தமிழின் தொலைந்துபோன கிளையாம்.

இத்தனை கதைகளும் ஒரே உண்மையிலிருந்து முளைத்தவை. பாஸ்க் மொழிக்கு இன்று உயிரோடிருக்கும் உறவு மொழி எதுவும் இல்லை. அந்த உண்மை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் கதைகள் தாமாக உதிர்ந்துவிடும். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

யார், எங்கே

பிரனீஸ் மலைத்தொடரின் மேற்கு முனை பிஸ்கே விரிகுடாவை நோக்கி இறங்கும் பகுதிதான் பாஸ்க் நாடு. மரபாக ஏழு மாகாணங்கள். பிஸ்காயா, கிபுஸ்கோவா, ஆராபா, நவார்ரா ஆகிய நான்கும் ஸ்பெயினில். லபுர்தி, கீழ் நவார்ரா, சுபெரோவா மூன்றும் பிரான்ஸில். மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சம். அவர்களில் பாஸ்க் மொழி பேசத் தெரிந்தவர்கள் 7 லட்சத்துக்கும் 9 லட்சத்துக்கும் இடையில். மொழியை அவர்கள் எவுஸ்காரா என்கிறார்கள். ஊருக்கு ஒரு வகையாகப் பேசப்பட்டதற்கு 1968இல் பொது எழுத்து வழக்கு ஒன்றை வகுத்தார்கள். பாஸ்க் மொழிப் பள்ளிக்கூடமும் தொலைக்காட்சியும் இன்று அதில்தான் நடக்கின்றன. மர்ம இனம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் பில்பாவோ நகர மெட்ரோவில் அலுவலகம் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மொழிகளுக்குள் உறவு என்றால் என்ன

"உறவு" என்ற சொல்லைத்தான் எல்லோரும் தளர்வாகப் பயன்படுத்துகிறார்கள். அதிலிருந்து தொடங்குவோம்.

தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. புலி, ஹுலி. பல், ஹல்லு. பூ, ஹூவு. பத்து, ஹத்து. இங்கே இரண்டு சொற்கள் ஒன்றுபோல ஒலிக்கின்றன என்பது பெரிதில்லை. நம் சொல் பகரத்தில் தொடங்கும் இடத்தில் அவர்கள் சொல் வரிசை தவறாமல் ஹகரத்தில் தொடங்குகிறது. பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் பார்த்தால் அங்கேயும் முன்பு பகரம்தான் இருந்தது, பிற்காலத்தில் மாறியது. இப்படி ஒலிக்கு ஒலி ஒழுங்காகப் பொருந்தி, அடிப்படைச் சொற்களிலும் இலக்கண உறுப்புகளிலும் அது தொடர்ந்தால், இரண்டும் ஒரே பழைய மொழியிலிருந்து பிரிந்தவை என்கிறோம். அப்படிப் பிரிந்த மொழிகளின் கூட்டம் மொழிக்குடும்பம். இந்தியும் வங்காளமும் ஆங்கிலமும் ஸ்பானிஷும் இந்தோ ஐரோப்பியம் என்ற ஒரே குடும்பத்தில் சேர்ந்தது இந்த அளவுகோலின்படிதான்.

எந்த மொழியோடும் இப்படி ஒலிப்பொருத்தம் காட்ட முடியாத மொழி தனித்த மொழி எனப்படும். பாஸ்க் அந்த வகை. இந்தப் பெயர் அந்த மொழியின் பிறப்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நம் கையில் மிச்சம் எதுவும் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது.

ஒரு தெருவில் இருந்த ஓட்டு வீடுகளையெல்லாம் இடித்துவிட்டு அடுக்குமாடிகள் கட்டிவிட்டார்கள். ஒரே ஒரு ஓட்டு வீடு மட்டும் நிற்கிறது என்று வையுங்கள். புதிதாகக் குடிவந்தவர் அதைப் பார்த்து, "இந்த விசித்திரமான வீடு எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார். அது எங்கிருந்தும் வரவில்லை. வந்தவை மற்றவை. மேற்கு ஐரோப்பாவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். இத்தாலியில் எத்ருஸ்கன் பேசினார்கள்; ஸ்பெயினின் கிழக்குக் கரையில் ஐபீரியன் பேசினார்கள். இரண்டும் இந்தோ ஐரோப்பியம் அல்ல. லத்தீன் இரண்டையும் விழுங்கிவிட்டது. எழுத்தே இல்லாமல் மறைந்த மொழிகள் இன்னும் எத்தனையோ இருந்திருக்கும். பாஸ்க்கின் அண்ணன் தம்பிகள் அவற்றுக்குள் இருந்திருக்கலாம்.

சுருக்கமாக: தனித்த மொழி என்றால் அநாதையாகப் பிறந்த மொழி என்று பொருளில்லை. உறவினர்கள் இறந்தபின் எஞ்சிய மொழி என்பதே பொருத்தம்.

காதுக்கு ஒத்தால் போதுமா

இப்போது தமிழ்க் கதைக்கு வருவோம். அது முழுக்க வெறுங்கையில் பிறந்ததல்ல என்பதால்தான் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாஸ்க்கில் வீட்டுக்கு எச்சே என்று பெயர். எச்சேயான் என்றால் வீட்டில். எச்சேரா என்றால் வீட்டுக்கு. எச்சேத்திக் என்றால் வீட்டிலிருந்து. நம்மைப் போலவே சொல்லின் வாலில் உருபை ஒட்டுகிறார்கள். வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. இதைப் பார்த்தவுடன் நம்மவர்களுக்கு உடம்பு சிலிர்த்துவிடுகிறது.

ஆனால் துருக்கியில் எவ் என்றால் வீடு, எவ்தே என்றால் வீட்டில், எவ்தென் என்றால் வீட்டிலிருந்து. ஜப்பானியத்திலும் ஃபின்னிஷிலும் இதே வேலை நடக்கிறது. சொல்லோடு உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும் மொழியை ஒட்டுநிலை மொழி என்பார்கள். உலகெங்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகள் இந்த வழியைத் தேர்ந்திருக்கின்றன.

எனக்குப் பிடித்த ஒற்றுமை வேறொன்று. தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காது. இராமன், இரத்தம், அரங்கன் என்று முன்னால் ஓர் உயிரைப் போட்டுக்கொள்வோம். பாஸ்க்கும் அப்படியே. அரசன் என்ற பொருளுடைய ரேகெம் என்ற லத்தீன் சொல் அங்கே போய் எர்ரேகே ஆகிவிட்டது. சக்கரம் என்ற ரோட்டா, எர்ரோட்டா ஆகி இன்று ஆலையைக் குறிக்கிறது. நம் இலக்கணக்காரர்கள் எழுதிவைத்த விதிபோலவே இருக்கிறதல்லவா? ஆனால் பழந்துருக்கியிலும் கொரிய மொழியின் சொந்தச் சொற்களிலும் இதே தடை உண்டு. சொல்லின் தொடக்கத்தில் அந்த ஒலியை உருட்டுவது பல நாக்குகளுக்குத் தொல்லை. தனித்தனியே ஒரே தீர்வுக்கு வந்திருக்கிறார்கள். பால், ஹாலு போல வரிசையான பொருத்தத்தைத் தமிழுக்கும் பாஸ்க்குக்கும் இடையில் இதுவரை எவரும் காட்டவில்லை. காட்டும்வரை உறவு கொண்டாடுவதற்கில்லை.

ஜார்ஜியன் முதலிய காக்கேசிய மொழிகளோடு கட்டிய உறவுகளும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

ஐபீரியன் மட்டும் கொஞ்சம் தனிக் கதை. அதன் எழுத்துகளை மனுவேல் கோமெஸ் மொரேனோ 1920களில் படித்துக் காட்டினார். அதனால் இன்று ஐபீரியக் கல்வெட்டுகளை வாய்விட்டு வாசிக்கலாம், பொருள்தான் தெரியாது. பாஸ்க் அதன் வாரிசு என்றால், பாஸ்க்கை வைத்து அந்தக் கல்வெட்டுகளுக்குப் பொருள் சொல்ல முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஆனால் ஐபீரிய எண்ணுப்பெயர்கள் என்று கருதப்படும் சில சொற்கள் பாஸ்க் எண்களோடு வியக்கும்படி ஒத்திருக்கின்றன. இது இரத்த உறவா, அண்டை வீட்டுக் கடனா என்ற சண்டை ஓயவில்லை. சந்தையில் பழகும் மக்கள் எண்களைக் கடன் வாங்குவது நடக்கக்கூடியதுதான்.

கல்லில் கிடைத்த பெயர்கள்

பாஸ்க் மொழியில் அச்சான முதல் புத்தகம் பெர்னார்ட் எச்சேபாரே என்ற பாதிரியாரின் கவிதைத் தொகுப்பு. 1545இல் பிரான்ஸின் போர்தோ நகரில் வெளியானது. அதற்கு ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன், ஸ்பெயினின் சான் மில்லியான் மடத்தின் லத்தீன் ஏடு ஒன்றின் ஓரத்தில் யாரோ ஒரு துறவி இரண்டு சிறு பாஸ்க் குறிப்புகளைக் கிறுக்கிவைத்திருக்கிறார். அதற்கும் முன்னால் வாக்கியமாக எதுவும் கிடையாது. இந்த வெறுமையைத்தான் மர்மம் என்று விற்கிறார்கள்.

ஆனால் வாக்கியம் இல்லாவிட்டாலும் பெயர்கள் இருக்கின்றன. பிரனீஸ் மலைக்கும் கரோன் ஆற்றுக்கும் நடுவிலிருந்த பகுதியை ரோமானியர்கள் அக்கிதானியா என்றார்கள். அங்கிருந்தவர்கள் மொழியிலும் பழக்கத்திலும் கால் (Gaul) எனப்பட்ட அன்றைய பிரான்ஸ் நிலத்தின் மற்ற மக்களிடமிருந்து வேறுபட்டவர்கள் என்று ஜூலியஸ் சீசரே எழுதியிருக்கிறார். ரோமானியர் ஆட்சி வந்தபின் அந்த மக்களும் லத்தீனில் கல்லறைக் கல் வெட்டக் கற்றுக்கொண்டார்கள். வாசகம் லத்தீன், செத்தவர் பெயரோ அவர்கள் மொழி. அப்படிக் கிடைத்த ஆள்பெயர்கள் ஏறத்தாழ 400.

அவற்றைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பெண்களின் பெயர்களில் நெஸ்காத்தோ, ஆந்தேரே; இன்றைய பாஸ்க்கில் நெஸ்காத்தோ என்றால் சிறுமி, ஆந்தேரே என்றால் சீமாட்டி. ஆண்களின் பெயர்களில் கிசோன், செம்பே. இன்றைய கிசோன் ஆண், செமே மகன். மலையின் தெற்கே, நவார்ராவின் லெர்கா என்ற ஊரில் கிடைத்த கல்லில் உம்மே சஹார் என்றொரு பெயர். உமே என்றால் குழந்தை, சஹார் என்றால் மூத்த. நம்மூரில் பெரியசாமி, சின்னப்பொண்ணு என்று வைப்பதுபோல மூத்த பிள்ளைக்கு வைத்த பெயராக இருக்கும்.

பொருள் ஒத்ததோடு நிற்காமல் ஆண்பெயர் ஆணுக்கும் பெண்பெயர் பெண்ணுக்கும் விழுந்திருப்பதுதான் இங்கே வலுவான சான்று. தற்செயலாக ஒலிக்கும் சொற்கள் இவ்வளவு பொறுப்பாகப் பொருந்தாது. பிரெஞ்சு அறிஞர் அஷீல் லூஷேர் 1877 வாக்கிலேயே இதைக் கண்டு சொன்னார். 1954இல் கோல்தோ மிச்செலேனா அதை முறைப்படி நிறுவினார். ஸ்பானிய உள்நாட்டுப் போரில், பின்னர் சர்வாதிகாரியான பிராங்கோவின் படையிடம் பிடிபட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது குறைக்கப்பட்டு, பல ஆண்டு சிறையில் கழித்த மனிதர் அவர். பாஸ்க் வரலாற்றிலக்கணத்துக்கு இன்றும் அவர்தான் அடித்தளம்.

ஆக, பாஸ்க்குக்கு உறவே இல்லை என்பதைக்கூடத் திருத்திச் சொல்ல வேண்டும். அக்கிதானியன் என்ற இறந்துபோன ஓர் உறவு இருக்கிறது. பாஸ்க்கின் நேர் மூதாதை அல்லது மூதாதையின் கூடப்பிறந்தது என்று அதைக் கொள்ளலாம்.

எழுத்துக்கும் அப்பால் போவது எப்படி

கல்வெட்டும் இல்லாத காலத்தை எட்டுவதற்கு ஒரு வழி கடன்சொற்கள். லத்தீனில் அமைதிக்குப் பாக்கெம் என்று பெயர். பிற்காலத்தில் அந்தக் ககரம் குழைந்து இத்தாலியனில் பாச்சே ஆனது. பாஸ்க்கில் மட்டும் பாக்கே என்று கெட்டியான ககரத்தோடு இருக்கிறது. அப்படியென்றால் லத்தீன்காரர்கள் அதைக் ககரமாகவே உச்சரித்துக்கொண்டிருந்த காலத்திலேயே பாஸ்க் அந்தச் சொல்லை வாங்கிவிட்டது. கடன்சொல் தன் மேல் தேதி முத்திரையோடு வந்திருக்கிறது.

அதே கடன்சொற்கள் பாஸ்க்கின் உள்மாற்றங்களையும் காட்டிக்கொடுக்கின்றன. சங்கிலிக்கு லத்தீனில் கத்தேனா, பாஸ்க்கில் கத்தேயா. மரியாதைக்கு ஹொனோரெம், பாஸ்க்கில் ஓஹோரே. இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிய னகரம் விழுந்துவிடுகிறது. இந்த விதி கையில் கிடைத்ததும் மிச்செலேனா அதைச் சொந்தச் சொற்கள்மேல் பாய்ச்சினார். திராட்சை மதுவுக்கு ஓர் ஊரில் ஆர்தோ, இன்னொன்றில் ஆர்தாவோ, வடக்கே ஆர்னோ. மதுக்கடைக்கு ஆர்தாந்தெகி. கடைசி இரண்டிலும் னகரம் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஆகவே பழைய வடிவம் ஆர்தானோ என்று இருந்திருக்க வேண்டும் என்றார். இப்படி இன்றைய வடிவங்களிலிருந்து இழந்த வடிவத்தைக் கணித்தெடுப்பது மீட்டுருவாக்கம். ஏறக்குறைய 2,000 ஆண்டுக்கு முந்தைய பாஸ்க்கின் ஒலியமைப்பை இந்த வழியில் அவர் கட்டியெழுப்பினார். அது அக்கிதானியப் பெயர்களோடு ஒத்துப்போகிறது.

மிகப் பிரபலமான ஒரு "சான்று" இந்தச் சோதனையில்தான் அடிபட்டுப் போனது. பாஸ்க்கில் பாறைக்கு ஹைட்ஸ், கோடரிக்கு ஐஸ்கோரா, மண்வெட்டிக்கு ஐட்ஸுர். எல்லாம் பாறையிலிருந்து பிறந்த சொற்கள். ஆகவே கல்லாயுதம் செய்த காலத்திலிருந்தே இந்த மொழி இருக்கிறது என்பது வாதம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐஸ்கோரா, அஸ்கியோலா என்ற லத்தீன் சொல்லின் கடன் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. மண்வெட்டியின் பெயரில் ரோன்கால் பள்ளத்தாக்கு வட்டார வழக்கு ஒரு னகரத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது. பாறைச் சொல்லில் அந்த னகரம் கிடையாது. ஆகவே மண்வெட்டி பாறையிலிருந்து பிறந்த சொல் என்பதும் நிற்கவில்லை. அந்த வழக்கைப் பேசிய கடைசி மூதாட்டி 1991இல் இறந்துபோனார். வழக்கைப் பதிவு செய்து வைத்திருந்ததால் ஒரு கட்டுக்கதை முறிந்தது.

மக்கள் கதை, மொழிக் கதை

இதுவரை பேசியது மொழி. மக்களின் உடல்வழி வேறு கேள்வி. பெரும்பாலான குழப்பம் இந்த இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டுவதால் வருகிறது. மெக்சிகோவில் கோடிக்கணக்கானோர் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். அவர்கள் முன்னோர் எல்லோரும் ஸ்பெயினிலிருந்து கப்பலேறியவர்கள் அல்லர்.

முதலில் இரத்தக் கதை. சிவப்பணுவின் மேல் ஆர்எச் என்ற புரதம் இல்லாதவர்களை ஆர்எச் நெகட்டிவ் என்கிறோம். ஐரோப்பாவில் பொதுவாக 15 சதவீதம் பேர். பாஸ்க் மக்களிடையே நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர்வரை. 1940களில் இதை வைத்து இவர்கள்தான் ஆதி ஐரோப்பியர் என்றார்கள். வேற்றுக்கிரகத்தார் என்பது இணையம் பின்னாளில் செய்த உபகாரம். சிறிய மக்கள் கூட்டம் நெடுங்காலம் தங்களுக்குள்ளேயே மணம் முடித்தால், ஏதாவது ஒரு மரபுக்கூறு வெறும் வாய்ப்பால் பெருகிவிடுவது உயிரியலில் சாதாரணம். ஒற்றைப் புரதத்தில் ஓர் இனத்தின் வரலாற்றை ஏற்றக்கூடாது.

பழைய எலும்புகளிலிருந்தே மரபணுவைப் படிக்க முடிந்தபின் படம் தெளிந்தது. ஐரோப்பியர் அநேகமாக எல்லோரிடமும் மூன்று அடுக்குகள்: பனியுக வேட்டையர், அனடோலியாவிலிருந்து (இன்றைய துருக்கி) பரவிய முதல் விவசாயிகள், கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளியிலிருந்து வந்த மேய்ச்சல் மக்கள். பாஸ்க்குகள் முதல் அடுக்கு மட்டும்தான் என்பது பழைய நம்பிக்கை. 2015இல் வட ஸ்பெயினின் அதாபுவெர்காவில் எல் போர்த்தலோன் குகை எலும்புகள் ஆராயப்பட்டன. 3,500 முதல் 5,500 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த விவசாயிகளுக்கு இன்றைய மக்களில் மிக நெருக்கமானவர்கள் பாஸ்க்குகள். அதாவது இரண்டாம் அடுக்கும் அவர்களிடம் தாராளமாக இருக்கிறது.

2019இல் வந்த பெரிய ஆய்வு இன்னொரு குண்டைப் போட்டது. கி.மு. 2000 வாக்கில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரிய தீபகற்பத்தின் மரபில் ஏறத்தாழ 40 சதவீதம் புல்வெளி வழி வந்தவர்களால் மாற்றப்பட்டிருக்கிறது. தந்தைவழி மரபோ கிட்டத்தட்ட முழுவதுமே மாறியிருக்கிறது. பாஸ்க்குகளுக்கும் இதில் விலக்கில்லை. அவர்களின் தந்தைவழி மரபும் பெரும்பாலும் புல்வெளியிலிருந்து வந்ததுதான். இந்தோ ஐரோப்பிய மொழிகளைப் பரப்பியவர்கள் என்று கருதப்படும் அதே மக்கள்! தந்தைவழி அங்கிருந்து வந்திருக்க, மொழி மட்டும் மாறாமல் நின்றிருக்கிறது. உடலும் மொழியும் ஒரே வண்டியில் பயணம் செய்வதில்லை என்பதற்கு இதைவிடப் பளிச்சென்ற உதாரணம் ஐரோப்பாவில் இல்லை.

அப்படியானால் பாஸ்க்குகளின் தனித்தன்மை எங்கே? அதற்குப் பிறகு நடந்ததில். ரோமானியர் காலத்திலும் பின்னர் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் தீபகற்பம் முழுக்கக் கலப்பு நடந்தது. பாஸ்க் பகுதியில் அது மிகக் குறைவு. இரும்புக்காலத்து ஐபீரியர் ஒருவரின் மரபை இன்று பார்க்க விரும்பினால் பாஸ்க் மக்களிடம் பார்க்கலாம். கற்காலம் அல்ல, இரும்புக்காலம். கணக்கு சில ஆயிரம் ஆண்டுகள் குறைகிறது. மர்ம வியாபாரிகளுக்குத்தான் நஷ்டம்.

மொழி முதல் விவசாயிகளோடு வந்ததா, அதற்கும் முந்தையதா? எலும்பு மொழி பேசாது. விவசாயிகள் என்பது நியாயமான ஊகம். அதற்கு மேல் அதை இழுப்பதற்குச் சான்று இல்லை.

இருந்த இடத்திலேயே இருந்ததா

இன்றைய பாஸ்க் நாட்டில் ஆதியிலிருந்தே பாஸ்க் பேசினார்கள் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. ஆனால் ரோமானியர் காலத்து ஆராபா, பிஸ்காயா பகுதிகளில் கிடைக்கும் பெயர்களில் பல இந்தோ ஐரோப்பிய வகையைச் சேர்ந்தவை. அக்கிதானியப் பெயர்கள் குவிந்திருப்பது மலைக்கு வடக்கே. அதனால் ரோமப் பேரரசு சரிந்த காலத்தில்தான் மொழி மேற்கே பரவியது என்று ஒரு கட்சி வாதாடுகிறது. எழுத்தில் வராத பேச்சு மொழியைப் பெயர்களை வைத்து அளக்க முடியாது என்கிறது எதிர்க்கட்சி. தேசிய உணர்வும் இதில் கலந்துவிடுவதால் விவாதம் அவ்வப்போது சூடாகும்.

இதற்கு நடுவில்தான் பாம்ப்லோனா நகருக்குப் பக்கத்திலுள்ள இருலெகி குன்றில் 2021இல் ஒரு வெண்கலத் தகடு கிடைத்தது. வலது உள்ளங்கை அளவு, உள்ளங்கை வடிவம், கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர். மணிக்கட்டுப் பக்கம் ஆணி அடித்த துளை. வீட்டு வாசலில் மாட்டியிருந்தது என்று அகழாய்வாளர்கள் கருதினார்கள். கி.மு. 1ஆம் நூற்றாண்டில், ரோமானியரின் உள்நாட்டுச் சண்டையான செர்தோரியஸ் போரின்போது ஊர் எரிந்து வீடு சரிந்து அதை மூடிக்கொண்டது. சுத்தம் செய்யும்போதுதான் எழுத்து தெரிந்தது. முதலில் கோடாகக் கீறி, பிறகு அந்தக் கோட்டின் மேலேயே புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கிறார்கள். நான்கு வரி, நாற்பது குறி. ஐபீரிய எழுத்துமுறைதான், ஆனால் அதில் இல்லாத ஒரு குறியும் இருக்கிறது. அந்தக் குறி இதற்கு முன் வாஸ்கோன்கள் என்ற உள்ளூர் மக்களின் நாணயங்களில் மட்டுமே காணப்பட்டது. ஆகவே அந்த மக்கள் தங்கள் மொழிக்கென்று எழுத்தைத் திருத்திப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

2022 நவம்பரில் செய்தி வெளியானபோது முதல் சொல்லை சோரியோனேகு என்று படித்தார்கள். இன்றைய பாஸ்க்கில் சோரியோனேகோ என்றால் நற்பேறு வாய்ந்தது. வாசலில் மாட்டும் வாழ்த்துக்கு எவ்வளவு கச்சிதம்! பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு அந்தச் சொல்லின் கடைசிக் குறி "கு"வா, "கெ"யா என்பதிலேயே கருத்து வேறுபாடு வந்தது. சில மொழியியலாளர்கள் அந்தப் பொருளையே ஏற்கவில்லை. மற்ற சொற்களுக்கு உறுதியான பாஸ்க் விளக்கம் கிடைக்கவில்லை. மலைக்குத் தெற்கே வாஸ்கோன்கள் தங்கள் மொழியை எழுதினார்கள் என்பதுவரை தகடு சாட்சி சொல்கிறது. அந்த மொழி பாஸ்க்கின் நேர் மூதாதையா என்று தீர்க்க ஒரு கை போதாது. அதே எழுத்தில் இன்னும் நீளமான வாசகம் வேண்டும். பக்கத்தில் லத்தீன் மொழிபெயர்ப்போடு கிடைத்தால் இன்னும் நல்லது.